சங்கத்துக்கு அங்கீகாரம் கிடைத்தால் போதுமா?

ஆலோசனைக்கு வரும் அரசு ஊழியர் சங்க நிர்வாகிகள் பெரும்பாலும் முதலில் எடுத்து வைப்பது அரசின் அங்கீகார ஆணையைத்தான். இது இருக்கிறதே, இனி பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டுத்தானே ஆக வேண்டும் என்பார்கள். தொழிலாளர் சட்ட வழக்கறிஞராக நான் அடிக்கடி விளக்க வேண்டியிருப்பது இதைத்தான்: சங்கம் வைக்கும் உரிமை வேறு, ஊழியர்கள் சார்பில் சங்கம் நிர்வாகத்தோடு பேசி உடன்பாடு காணும் கூட்டுப் பேர உரிமை வேறு. முதலாவது அரசமைப்புச் சட்டத்தின் 19(1)(சி) பிரிவிலேயே இருக்கிறது. இரண்டாவது அதற்குள் அடங்காது என்று அறுபதுகளின் தொடக்கத்திலேயே வங்கி ஊழியர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அரசுப் போக்குவரத்துக் கழக ஓட்டுநரை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய ஊதியம் தொழில் தகராறுகள் சட்டத்தின் 12(3) ஒப்பந்தம், அதாவது சமரச அதிகாரி முன்னிலையில் செய்யப்படும் ஒப்பந்தம் வழியாக, தொழிற்சங்கங்கள் கையெழுத்திட்டு முடிவாகி வந்திருக்கிறது. தலைமைச் செயலக உதவியாளருக்கு அந்த வழி இல்லை. அவருக்கு வருவது அரசாணை. அதில் சங்கத்தின் கையெழுத்து இருக்காது.

மத்திய அரசு ஊழியர்களுக்கு 1966 முதல் கூட்டு ஆலோசனைக் குழு இருக்கிறது. ஊதியம் மற்றும் படிகள், வாராந்தர வேலை நேரம், விடுப்பு ஆகியவற்றில் உடன்பாடு வராவிட்டால் நடுவரிடம் போகலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது ஒரு திட்டம், நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் அல்ல.

பேச்சு முறிந்தால் எங்கே போவது? என் பார்வையில் எல்லாமே இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. 2003-இல் தமிழ்நாட்டில் நடந்ததை மறக்க முடியுமா? வேலைநிறுத்தம் செய்த 1.5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒரேயடியாக வேலையை இழந்தார்கள். பெரும்பாலானோர் பின்னர் திரும்ப எடுக்கப்பட்டாலும், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமை அடிப்படை உரிமையாகவும் இல்லை, சட்டப்படியும் இல்லை, தார்மீகமாகவும் இல்லை என்று அந்தப் பணிநீக்கம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் எழுதியது. வேலைநிறுத்தத்தைத் தடுக்கிறீர்கள், சரி. அப்படியானால் அதற்கு ஈடாக நடுநிலையான தீர்ப்பு முறை ஒன்றைச் சட்டமாகத் தர வேண்டாமா? சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1978-ஆம் ஆண்டு உடன்படிக்கை 151 இதைத்தான் கேட்கிறது: பேச்சுவார்த்தை, அல்லது இரு தரப்பும் நம்பக்கூடிய சமரசமும் நடுவர் தீர்ப்பும். இந்தியா அதை ஏற்புறுதி செய்யவில்லை. சங்க உரிமை, கூட்டுப் பேரம் பற்றிய 87, 98 ஆகிய அடிப்படை உடன்படிக்கைகளையும் ஏற்கவில்லை. அதற்கு அரசு சொல்லிவரும் காரணமே அரசு ஊழியர் நடத்தை விதிகள்தான். ஏற்றுக்கொண்டால் வேலைநிறுத்தம், அரசை விமர்சிப்பது போன்ற உரிமைகளைக் கொடுக்க வேண்டியிருக்குமாம்.

ஆகவே கோரிக்கைப் பட்டியலில் அகவிலைப்படிக்கும் ஓய்வூதியத்துக்கும் பக்கத்தில் பேர உரிமைச் சட்டத்தையும் சேருங்கள். குறிப்பிட்ட காலத்துக்குள் அரசு பேச வேண்டும், உடன்பாடு இரு தரப்பையும் கட்டுப்படுத்த வேண்டும், முறிந்தால் நடுவரிடம் போக வேண்டும் என்ற மூன்றும் அதில் இருக்கட்டும். அதுவரைக்கும், அமைச்சரோடோ செயலாளரோடோ பேசிவிட்டு வரும்போது வாய்மொழி உறுதியோடு எழுந்து வராதீர்கள். கூட்டக் குறிப்பை எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால், பேசியதையெல்லாம் அன்றே கடிதமாக எழுதி அனுப்பி, ஒப்புகை வாங்கி வையுங்கள்.