கிரைண்டர் பெல்ட்டும் 14 கிலோபைட்டும்

சனிக்கிழமை சாயங்காலம், உளுந்து பாதி அரைபட்டிருக்கும்போது அம்மாவின் கிரைண்டர் நின்றுவிட்டது. மோட்டார் உறுமுகிறது, பாத்திரம் சுற்றவில்லை. கழற்றிப் பார்த்தால் அடியில் பெல்ட் அறுந்து கிடக்கிறது. “கடை திறந்திருக்கிறதா, இந்த அளவு பெல்ட் இருக்கிறதா, அதை மட்டும் கேட்டுச் சொல்” என்றார் அம்மா.

செல்போனில் தேடினேன். நடந்து போகும் தூரத்தில் பழுதுபார்க்கும் கடை ஒன்று இருந்தது. அதற்கு இணையதளமும் இருந்தது. தொட்டேன். வெள்ளைத் திரை. சில விநாடிகள் கழித்துக் கடையின் பெயர் வந்தது. அதன் மேலே ஒரு பெரிய படம் கீற்றுக் கீற்றாக இறங்கத் தொடங்கியது. ‘தொடர்புக்கு’ என்ற இடத்தில் விரலை வைக்கப் போன அதே நொடியில் அது கீழே நழுவியது. விரல் வேறெதிலோ பட்டு வேறொரு பக்கம் திறந்தது. திரும்பி வந்து தேடியதில் போன் எண் கிடைத்தது, ஒரு படத்துக்குள். தொட்டால் அழைப்பு போகவில்லை. நகல் எடுக்கவும் வழியில்லை. நான் அடுத்த கடைக்குப் போய்விட்டேன்.

கடைக்காரருக்கு ஒரு வாடிக்கையாளர் வாசல் வரை வந்து திரும்பிப் போனது தெரியவே தெரியாது. என்னை உறுத்துவது இதுதான். நிறம், எழுத்துரு, படங்கள் என்று தளம் அழகாகத்தான் இருந்தது. பணமும் நிறையச் செலவாகியிருக்கும். ஆனால் ஒரு வணிகத் தளம் வேலை செய்கிறதா என்று பார்க்க என்னிடம் ஒரே அளவுகோல்தான் உண்டு. வந்தவரின் கேள்விக்கு, அவருடைய பொறுமை தீர்வதற்குள் பதில் கிடைத்ததா?

பொறுமைக்கும் அளவு உண்டு. கணினி பதில் சொல்ல எவ்வளவு நேரம் எடுக்கலாம் என்பதை 1968-லேயே ராபர்ட் மில்லர் என்பவர் ஆராய்ந்தார். பின்னர் 1993-ல் கணினிப் பயன்பாட்டு வல்லுநர் யாக்கோப் நீல்சன் அதை மூன்று எல்லைகளாக வகுத்துத் தந்தார். 0.1 விநாடிக்குள் பதில் வந்தால் ‘நான் தொட்டேன், நடந்தது’ என்று மனம் உணர்கிறது. ஒரு விநாடி வரை தாமதம் தெரியும், ஆனால் எண்ண ஓட்டம் அறுபடாது. பத்து விநாடியைத் தாண்டினால் கவனம் வேறு வேலைக்குப் போய்விடும். இடையில் எத்தனையோ கருவிகள் மாறிவிட்டன. மனித மூளை மாறாததால் இந்த எண்களும் மாறவில்லை.

சரி, அந்த வெள்ளைத் திரைக்குப் பின்னால் என்னதான் நடந்தது?

பல சிறு வணிகத் தளங்கள் குறைந்த வாடகைக்குக் கிடைக்கும் வெளிநாட்டு சர்வர்களில், அதாவது தளத்தை வைத்திருந்து கேட்பவருக்கு அனுப்பும் கணினிகளில் இருக்கின்றன. சர்வர் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சென்னையிலிருந்து நேர்கோட்டில் சுமார் 14,000 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில்தான் ஓடும். ஒருமுறை போய்வர 140 மில்லி விநாடி. கடலடிக் கேபிள் நேர்கோட்டில் போவதில்லை, வழியில் பல சந்திப்புகளில் நின்று போக வேண்டியும் இருக்கிறது; ஆகவே நடைமுறையில் 200 மில்லி விநாடிக்கு மேல் ஆகும். எவ்வளவு விலை உயர்ந்த செல்போன் வாங்கினாலும் இந்தத் தூரம் குறையாது.

ஒருமுறை போய்வந்தால் முடிந்துவிடுகிறதா என்றால், இல்லை. முதலில் தளத்தின் பெயருக்குரிய எண் முகவரியைக் கேட்டு அறிய வேண்டும். பிறகு சர்வரோடு ‘இருக்கிறாயா?’, ‘இருக்கிறேன்’ என்று இணைப்பை உறுதி செய்ய ஒரு பயணம். இருவருக்கும் மட்டும் புரியும் ரகசியக் குறியீட்டை முடிவு செய்ய இன்னொரு பயணம். பழைய முறையில் இதற்கே இரண்டு வேண்டியிருந்தது, 2018-ல் வந்த டிஎல்எஸ் 1.3 என்ற பாதுகாப்பு விதிமுறை அதை ஒன்றாகக் குறைத்தது. அதற்குப் பிறகுதான் ‘பக்கத்தைக் கொடு’ என்று கேட்கவே முடியும். முதல் எழுத்து வருவதற்குள் 0.6 விநாடிக்கு மேல் போய்விட்டது. அதே சர்வர் மும்பையிலோ சென்னையிலோ இருந்தால் ஒவ்வொரு பயணத்துக்கும் சில பத்து மில்லி விநாடிகள் போதும். தளத்தின் நகல்களை உலகின் பல ஊர்களில் வைத்து, கேட்பவருக்கு அருகில் இருந்து கொடுக்கும் சேவைகள் இந்தத் தூரத்தை வெல்லத்தான் தோன்றின. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 1998-ல் தொடங்கிய அகமாய் நிறுவனம் அவற்றில் முன்னோடி.

பக்கம் வரத் தொடங்கிய பிறகும் சர்வர் எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொட்டிவிடாது. அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1986 அக்டோபரில் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பக்கத்தில் இருந்த பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே இணைப்பு திடீரென்று முடங்கியது. தூரம் 400 கெஜம்தான். விநாடிக்கு 32,000 பிட் போய்க்கொண்டிருந்த பாதையில் 40 பிட்தான் போயிற்று. எல்லாக் கணினிகளும் ஒரே நேரத்தில் தரவைத் திணித்ததால் வந்த நெரிசல் அது. அதை ஆராய்ந்த வான் ஜேக்கப்சன் 1988-ல் சொன்ன தீர்வு இன்றும் நடப்பில் உள்ளது: முதலில் கொஞ்சம் அனுப்பு, கிடைத்ததாகச் செய்தி வந்தால் அடுத்த முறை இரண்டு மடங்கு அனுப்பு. இன்றைய வழக்கப்படி முதல் தவணை 10 பாக்கெட்டுகள் (தரவுத் துண்டுகள்), அதாவது சுமார் 14 கிலோபைட். அடுத்தது 28, அதற்கடுத்தது 56.

ஆகவே கடையின் பெயர், முகவரி, நேரம், போன் எண், என்ன கிடைக்கும் என்ற விவரம் எல்லாம் அந்த முதல் 14 கிலோபைட்டுக்குள் அடங்கிவிட்டால், முதல் தவணையிலேயே பதில் வந்து சேர்ந்துவிடும். முடியுமா? தமிழில் எழுதினால் எடை கூடும் என்று தயங்குபவர்கள் உண்டு. உண்மைதான், எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் யூனிகோடை இணையத்தில் அனுப்பும் முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழ்க் குறிக்கு மூன்று. ‘தமிழ்’ என்ற சொல்லே த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகள், 15 பைட்டுகள். ஆனால் அந்த மூன்று பைட்டுகளில் முதலாவது எல்லாத் தமிழ்க் குறிகளுக்கும் ஒன்றே. இரண்டாவது, இரண்டே மதிப்புகளில் ஒன்று. திரும்பத் திரும்ப வருவதைச் சுருக்குவதுதான் சர்வர்கள் செய்யும் அமுக்கத்தின் அடிப்படை என்பதால் தமிழ்ப் பக்கம் நன்றாகவே சுருங்கும். கடைக்குத் தேவையான தமிழ் வாசகம் முழுவதும் 14 கிலோபைட்டுக்குள் தாராளமாக அடங்கும். தமிழில் எழுதத் தயங்கவே வேண்டாம்.

எடை முழுவதும் படத்தில் இருக்கிறது. செல்போனில் எடுத்த ஒரு படம் 4,000 பிக்சல் அகலமும் 3,000 பிக்சல் உயரமுமாக, சுமார் 4 மெகாபைட் இருக்கும். பார்ப்பவரின் செல்போன் திரையோ பெரும்பாலும் 1,080 பிக்சல் அகலம்தான். அந்த அகலத்துக்குச் சுருக்கினால் பிக்சல்களின் எண்ணிக்கை பதினான்கில் ஒரு பங்குக்கு வந்துவிடும். மீதிப் பதின்மூன்று பங்கும் அவ்வளவு தூரம் பயணம் செய்து வந்து, செல்போனுக்குள் வீசி எறியப்படுகின்றன. ஒரு பைட் என்பது எட்டு பிட். ஆகவே விநாடிக்கு 4 மெகாபிட் வரும் இணைப்பில் அந்த 4 மெகாபைட் படத்துக்கு 8 விநாடி ஆகும். சுருக்கி 100 கிலோபைட் ஆக்கினால் 0.2 விநாடி. மாறி மாறி ஓடும் ஐந்து படங்களை முகப்பில் வைத்தால் எவ்வளவு ஆகும் என்று நீங்களே பெருக்கிக்கொள்ளலாம்.

இவ்வளவு சுருக்கியும் படம் கெடாமல் இருப்பதற்கு நம் கண்தான் காரணம். வெளிச்ச வேறுபாட்டை நுணுக்கமாகப் பார்க்கும் கண், நிற வேறுபாட்டை அந்த அளவு நுணுக்கமாகப் பார்ப்பதில்லை. 1992-ல் தரப்படுத்தப்பட்ட ஜேபெக் என்ற படச் சுருக்க முறை இதைப் பயன்படுத்தி நிறத் தகவலைக் குறைத்துவிட்டு வெளிச்சத் தகவலைக் காப்பாற்றுகிறது. 2010-ல் கூகுள் கொண்டுவந்த வெப்பி என்ற முறை அதைவிடவும் சிறிதாக்கும்.

பொத்தான் நழுவியதற்கும் படம்தான் காரணம். எழுத்து முதலில் வந்துவிடுகிறது. படத்தின் உயரம் உலாவிக்கு (பிரவுசருக்கு) தெரியாததால் அதற்கு இடம் விடாமல் எழுத்தை மேலே அடுக்கிவிடுகிறது. பிறகு படம் வந்ததும் எல்லாவற்றையும் கீழே தள்ளுகிறது. பக்கத்தை உருவாக்கும் நிரல் வரிகளில் படத்தின் அகலத்தையும் உயரத்தையும் இரண்டு எண்களாக எழுதியிருந்தால் உலாவி முன்கூட்டியே இடம் ஒதுக்கியிருக்கும். இந்த நழுவலையும் கூகுள் அளக்கிறது. முக்கியப் பகுதி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும், நழுவல் மதிப்பெண் 0.1-ஐத் தாண்டக் கூடாது, தொட்டால் 200 மில்லி விநாடிக்குள் அசைவு தெரிய வேண்டும் என்பவை அதன் வரம்புகள்.

வேகத்தால் வியாபாரம் கூடுமா என்று கேட்பவர்களுக்கு இத்தாலியின் வோடஃபோன் என்ற செல்போன் சேவை நிறுவனம் நடத்திய சோதனையைச் சொல்வேன். தோற்றத்திலும் செயலிலும் வேறுபாடு இல்லாத இரண்டு பக்கங்கள். ஒன்றில் மட்டும் முக்கியப் பகுதி தெரியும் நேரம் 31 சதவீதம் மேம்படுத்தப்பட்டது. அந்தப் பக்கத்தில் விற்பனை 8 சதவீதம் கூடியது.

படத்துக்குள் இருந்த போன் எண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். நமக்கு அது எண். செல்போனுக்கு வெறும் நிறப் புள்ளிகள். பார்வையற்றவருக்குப் பக்கத்தை வாசித்துக் காட்டும் செயலியும் பெரும்பாலும் அந்த எண்ணை வாசிக்காது. எழுத்தாக எழுதி, தொட்டால் அழைக்கும்படி ஒரு லிங்க் கொடுக்க ஒரே வரி போதும்.

மனசு கேட்காமல் அடுத்த வாரம் அந்தக் கடைக்குப் போனேன். விவரம் சொன்னதும் கடைக்காரர் நம்பவில்லை. “என் கம்ப்யூட்டரில் உடனே வருகிறதே, சார்” என்று திறந்து காட்டினார். கண் மூடித் திறப்பதற்குள் வந்துவிட்டது. வரத்தானே செய்யும்? ஒருமுறை இறக்கிய படங்களை உலாவி தன்னிடமே சேமித்து வைத்துக்கொள்ளும். தினமும் பார்ப்பவருக்கு அந்தப் படங்கள் தூரத்து சர்வரிலிருந்து மீண்டும் வர வேண்டியதில்லை. தன் தளம் புதியவருக்கு எப்படித் தெரியும் என்பதை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை.

அவருடைய செல்போனிலேயே வைஃபையை அணைத்து, பழைய சேமிப்பைத் தொடாத தனி ஜன்னலில் திறக்கச் சொன்னேன். வெள்ளைத் திரை வந்தது. அவர் உதட்டுக்குள் எண்ணத் தொடங்கினார். ஒன்பது வரை எண்ணிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“எல்லோருக்கும் இப்படித்தான் தெரிகிறதா?”