கேட் அட்டவணை: கலந்து போட்ட கணக்கு ஏன் மனத்தில் நிற்கிறது?

பிப்ரவரியில் கேட் (GATE), பொறியியல் முதுநிலைப் படிப்புக்கான தேசிய நுழைவுத் தேர்வு. ஆகஸ்டு நடுவில் உட்கார்ந்தால் கையில் சுமார் 24 வாரம். 'கணிதத்துக்கு ஒரு மாதம், தெர்மோடைனமிக்ஸுக்கு ஒரு மாதம்' என்று போட்ட அட்டவணை ஜனவரியில் ஏன் காலை வாருகிறது என்பது கிண்டி, தரமணி பக்கத்து இறுதியாண்டு மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி.

படித்தது முதல் நாளிலேயே மளமளவென்று மறக்கும் என்று ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885-லேயே அளந்து காட்டிவிட்டார். அதனால் திருப்பிப் பார்ப்பது மறுநாள் ஒரு முறை, ஒரு வாரம் கழித்து ஒரு முறை, ஒரு மாதம் கழித்து இன்னொரு முறை. இது பலருக்கும் தெரியும். பலரும் விட்டுவிடுவது கணக்குகளைக் கலப்பதை.

உளவியல் ஆய்வாளர்கள் ரோரர், டெய்லர் இருவரும் 2007-இல் வெளியிட்ட சோதனையில் கல்லூரி மாணவர்கள் நான்கு வகைத் திண்மங்களின் கன அளவைக் கண்டுபிடித்தார்கள். ஒரு குழு ஒரு வகையை முடித்து அடுத்த வகை என்று வகைவாரியாக, இன்னொரு குழு நான்கையும் கலந்து. பயிற்சியின்போது வகைவாரியாகப் போட்டவர்கள் 89% சரி, கலந்து போட்டவர்கள் 60%. ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் முதல் குழு 20%, இரண்டாம் குழு 63%!

காரணம் அழகானது. ஒரே ரகக் கணக்கைப் பத்து முறை போட்டால், இரண்டாவதிலிருந்தே எந்தச் சூத்திரம் என்று யோசிக்க வேண்டாம். எண்ணை மாற்றிப் போட்டால் போதும். ஒரு வகைக்கெழுச் சமன்பாட்டைப் பார்த்ததும் மாறிகளைப் பிரிப்பதா, தொகையீட்டுக் காரணியால் பெருக்குவதா என்று முடிவெடுப்பதுதான் கடினமான பகுதி. அந்தப் பகுதிக்குப் பயிற்சியே கிடைப்பதில்லை. கேட் தாளின் 65 கேள்விகளில் எதுவும் 'நான் இந்த அத்தியாயம்' என்று சொல்லிக்கொண்டு வராது. வழி தப்பி இரண்டு மதிப்பெண் கொள்குறி வினாவில் தவறான விடையைத் தொட்டால் 2/3 மதிப்பெண் கழியும்.

ஆகவே தினமும் இரண்டரை மணி நேரம் என்றால், முதல் 40 நிமிடம் பழைய பாடங்களிலிருந்து பத்துக் கணக்கு, சீட்டுக் குலுக்கி எடுத்ததுபோல. மீதி நேரம் புதிய பாடம். புதிதாகக் கற்கும் முறையை மட்டும் முதல் நாள் நாலைந்து கணக்கு தொடர்ச்சியாகப் போடலாம். மறுநாளே கலவையில் சேர்த்துவிடுங்கள். தவறுகளை மூன்றாகப் பிரித்துக் குறியுங்கள்: சூத்திரம் மறந்தது, வழியைத் தவறாகத் தேர்ந்தது, கூட்டல் கழித்தலில் சறுக்கியது. இரண்டாவது பட்டியல் நீளமாக இருந்தால் கலவை போதவில்லை.

பலர் இதைச் சீக்கிரமே கைவிடுகிறார்கள், பயிற்சியில் மதிப்பெண் குறைவதால். அந்த 60%-ஐப் பார்த்துப் பயந்து வல்லாரை மாத்திரை வாங்க ஓடுவோரும் உண்டு. வல்லாரைத் துவையல் சோற்றுக்கு நன்றாகவே இருக்கும். கணக்கின் ரகத்தை அது சொல்லித் தராது.

நவம்பர், டிசம்பரில் செமஸ்டர் தேர்வு வரும், மழையால் தள்ளியும் போகும். அப்போது புதிய பாடத்தை நிறுத்திவிட்டு அந்த 40 நிமிடத்தை மட்டும் விடாமல் வைத்துக்கொள்ளுங்கள். கடைசி ஆறு வாரம் பழைய வினாத்தாள்கள், முழு மூன்று மணி நேரம், திரையில் வரும் கால்குலேட்டரோடு. சொந்தக் கால்குலேட்டரை உள்ளே விடமாட்டார்கள்.