மிச்சப் பணத்தில் வாங்கும் மதர்போர்டு

வீட்டுக்குக் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்ய வருகிறவர்கள் கொண்டுவரும் பட்டியலில் கம்ப்யூட்டரின் மூளையான ப்ராசஸர் மட்டும் தெளிவாக எழுதியிருக்கும். இன்டெல் ஐ7 வேண்டும், அல்லது ஏஎம்டி ரைசன் 7 வேண்டும். எல்லாப் பாகங்களையும் தாங்கி இணைக்கும் மதர்போர்டு என்ற வரிக்கு நேரே ஒன்றும் இருக்காது. மற்றதெல்லாம் வாங்கியபின் கையில் மிஞ்சும் பணத்துக்கு எந்த போர்டு வருகிறதோ அதை எடுத்துக்கொள்கிறார்கள். சில மாதம் கழித்து "ஸ்லோவாக இருக்கிறது", "தானாக ரீஸ்டார்ட் ஆகிறது" என்று சிஸ்டத்தைத் தூக்கிக்கொண்டு வரும்போது, பல முறை காரணம் அந்த வரியில்தான் இருக்கிறது.

ஐ7-14700-ஐ எடுத்துக்கொள்வோம். அதன் விவரத்தில் 65 வாட் என்று போட்டிருக்கும். அது அடிப்படை அளவுதான். முழு வேகத்தில் ஓடும்போது 219 வாட் வரை இழுக்கும். இதை எச்610 சிப்செட் (போர்டின் வசதிகளைத் தீர்மானிக்கும் முக்கிய சிப்) உள்ள விலை குறைந்த போர்டில் மாட்டினால் பொருந்தும், விண்டோஸ் ஏறும், பார்க்க எல்லாம் சரியாகத்தான் இருக்கும். வீடியோ எடிட் செய்து ரெண்டர் போடும்போதுதான், அதாவது முடிந்த வீடியோவாக மாற்றும்போதுதான் தெரியும். ப்ராசஸருக்குக் கரண்ட் அனுப்பும் பகுதியை விஆர்எம் என்போம். ப்ராசஸர் உட்காரும் சாக்கெட்டின் ஓரமாக வரிசையாக நிற்கும் குட்டிச் சதுரங்கள் அவை. மலிவு போர்டுகளில் இவை குறைவாக இருக்கும், பெரும்பாலும் மேலே சூட்டை இழுத்து வெளியேற்றும் உலோகத் துண்டான ஹீட்சிங்க்கும் இருக்காது. சூடு ஏறியதும் தன்னைக் காத்துக்கொள்ள போர்டு ப்ராசஸரின் வேகத்தைக் குறைத்துவிடும். நம் ஊர் மே மாத மதியத்தில், ஏசி இல்லாத அறையில், இது இன்னும் சீக்கிரம் நடக்கும். ஐ7-க்குப் பணம் கட்டிவிட்டு அதைவிடக் கீழான வேகத்தில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

அதனால்தான், பட்ஜெட் இறுக்கமாக இருந்தால் ப்ராசஸரில் ஒரு படி இறங்குங்கள், போர்டில் இறங்காதீர்கள் என்று நான் கெஞ்சாத குறையாகச் சொல்கிறேன். ஐ5-12400 முழு வேகத்திலும் 117 வாட்டைத் தாண்டாது. படிப்பு, ஆபீஸ் வேலை, ஓரளவு எடிட்டிங் எல்லாவற்றுக்கும் அது போதும். அதை விஆர்எம் மேல் ஹீட்சிங்க் உள்ள ஒரு பி760 சிப்செட் போர்டில் போட்டால் பல வருடம் நிம்மதியாக ஓடும்.

அடுத்தது சாக்கெட். இன்டெலில் 12, 13, 14-ஆம் தலைமுறைகள் எல்ஜிஏ1700 சாக்கெட்டில் உட்காரும். 2024 அக்டோபரில் வந்த கோர் அல்ட்ரா 200 வரிசைக்கு எல்ஜிஏ1851, பழைய போர்டில் ஏறாது. ஏஎம்டியில் ரைசன் 5000 வரை ஏஎம்4. 2022-இல் வந்த 7000 வரிசை முதல் ஏஎம்5. இதுவரை எளிது. ஆனால் சாக்கெட் பெயர் ஒன்றாக இருந்தாலே போதும் என்று நினைத்துவிடக் கூடாது. எல்ஜிஏ1151 என்ற ஒரே பெயரில் 6, 7-ஆம் தலைமுறைக்கு ஒரு வகை போர்டு, 8, 9-ஆம் தலைமுறைக்கு வேறு வகை. 6, 7-ஆம் தலைமுறைக்கான எச்110 போர்டில் 8-ஆம் தலைமுறை ஐ5-8400 கச்சிதமாக உட்காரும், ஆனால் டிஸ்ப்ளே வராது. செகண்ட் ஹேண்டில் ப்ராசஸரைத் தனியாகவும் போர்டைத் தனியாகவும் தேடுகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

ஏஎம்டியிலும் இப்படி உண்டு. பி450 போர்டில் ரைசன் 5 5600 ஓடும், ஆனால் பயாஸ், அதாவது போர்டிலேயே பதிந்திருக்கும் தொடக்க மென்பொருள், புதிதாக இருக்க வேண்டும். கடையில் வெகுநாள் கிடந்த ஸ்டாக் என்றால் பழைய பயாஸோடு வரும். மறுபக்கம், பி550 புதிய போர்டுதானே என்று பழைய ரைசன் 5 2600-ஐ மாட்ட நினைத்தால் அதற்கு ஆதரவே இல்லை. ஒவ்வொரு போர்டு நிறுவனமும் தன் இணையதளத்தில் அந்தந்த மாடலுக்கு எந்தெந்த ப்ராசஸர் ஓடும், எந்த பயாஸ் பதிப்பிலிருந்து ஓடும் என்று பட்டியல் போட்டிருக்கிறது. பணம் கொடுக்கும் முன் அந்தப் பக்கத்தைத் திறந்து உங்கள் ப்ராசஸரின் முழு எண்ணும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். யூடியூப் வீடியோவையோ கடைக்காரரின் தலையாட்டலையோ விட அது நம்பகமானது. ப்ராசஸர் இல்லாமலே பென்டிரைவ் மூலம் பயாஸ் ஏற்றும் பட்டன் சில போர்டுகளின் பின்பக்கம் இருக்கும். கொஞ்சம் கூடுதல் விலையானாலும் அதற்குக் கொடுக்கலாம்.

13, 14-ஆம் தலைமுறை ஐ5-இன் மேல் மாடல்கள், ஐ7, ஐ9 வாங்குகிறவர்களுக்கு பயாஸ் அப்டேட் கட்டாயம். கூடுதல் வோல்டேஜால் அவற்றில் சில பழுதாவதை இன்டெலே ஒப்புக்கொண்டு, 2024-இல் திருத்தம் வெளியிட்டது, வாரன்டியையும் இரண்டு வருடம் நீட்டியது. அந்தத் திருத்தம் பயாஸ் வழியாகத்தான் வருகிறது. ஏற்கெனவே பழுதான சிப்பை அது சரிசெய்யாது என்பதால், முதல் நாளே ஏற்றிவிடுவது நல்லது.

ரேமைப் பற்றி இப்போது கூடுதலாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2025 இறுதியில் ரேம் விலை கடுமையாக ஏறியதிலிருந்து பழைய டிடிஆர்4 வகை ரேம் ஸ்டிக்கை அப்படியே பயன்படுத்தலாமா என்று பலரும் கேட்கிறார்கள். எல்ஜிஏ1700 ப்ராசஸர்கள் டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டையும் ஏற்கும். ஆனால் பெரும்பாலான போர்டுகளில் ஏதாவது ஒன்றுக்குத்தான் ஸ்லாட் இருக்கும், ஒரே பி760 என்ற பெயரில் இரண்டு வகையும் விற்கிறது. ஏஎம்5-இலும் கோர் அல்ட்ரா 200-இலும் டிடிஆர்5 மட்டும்தான். கையில் நல்ல டிடிஆர்4 இருந்தால் எல்ஜிஏ1700 அல்லது ஏஎம்4 இன்றைக்கு மோசமான முடிவு அல்ல. பணம் இருக்கிறது, நாளைக்கு ப்ராசஸரை மட்டும் மாற்றிக்கொள்ள ஆசை என்றால் ஏஎம்5 எடுங்கள். அந்த சாக்கெட்டை 2027-ஐத் தாண்டியும் தொடர்வதாக ஏஎம்டி சொல்லியிருக்கிறது.

கிராபிக்ஸ் கார்டு இப்போது வேண்டாம் என்று இருப்பவர்கள் ப்ராசஸர் எண்ணின் கடைசி எழுத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். 12400எஃப், 7500எஃப் போன்றவற்றில் உள்ளேயே கிராபிக்ஸ் கிடையாது. ரைசன் 5 5600-இலும் கிடையாது, 5600ஜி-இல் உண்டு. போர்டில் எச்டிஎம்ஐ துளை இருக்கிறதே என்று நம்ப வேண்டாம்.

இன்னொன்று கோபத்தோடுதான் எழுதுகிறேன். ஆன்லைனிலும் சில கடைகளிலும் "ஐ7 கம்ப்யூட்டர், புது போர்டு" என்று வியக்கவைக்கும் விலையில் விற்கிறார்கள். திறந்தால் எச்61 போர்டு இருக்கும். அது 2011-இல் வந்த சிப்செட். போர்டு புதிதாக அச்சடித்தது, உள்ளே இருக்கும் ப்ராசஸர் பழைய ஆபீஸ் சிஸ்டத்திலிருந்து கழற்றிய 2 அல்லது 3-ஆம் தலைமுறை. விண்டோஸ் 11-க்கு இன்டெலில் அதிகாரபூர்வ ஆதரவு 8-ஆம் தலைமுறையிலிருந்துதான். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. பிள்ளையின் காலேஜ் படிப்புக்கு என்று சேர்த்த பணத்தை இதில் போட்டுவிடுகிறார்கள். ஐ7 என்றதும் நிற்காமல், எத்தனையாவது தலைமுறை, முழு மாடல் எண் என்ன என்று கேளுங்கள். பில்லிலும் எழுதச் சொல்லுங்கள்.

போர்டை வாங்கும்போது கடையிலேயே பெட்டியைத் திறந்து சாக்கெட்டைப் பாருங்கள். எல்ஜிஏ வகையிலும் ஏஎம்5-இலும் பின்கள் போர்டில்தான் இருக்கும். ஒன்று வளைந்திருந்தாலும் வாரன்டி மறுக்கப்படலாம். வெளிச்சத்தில் செல்போனால் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ப்ராசஸர் மாட்டியதும் கழன்று வரும் பிளாஸ்டிக் மூடியையும் பெட்டியிலேயே பத்திரமாகப் போட்டு வையுங்கள், போர்டை வாரன்டிக்கு அனுப்பும்போது அதைக் கேட்பார்கள்.