ஒரு பக்க யூஎம்எல்: அந்த டைமண்ட் கருப்பா, வெள்ளையா?

கோயம்புத்தூரில் சரவணம்பட்டி, கீரணத்தம் பக்கம் இருக்கிற சாஃப்ட்வேர் கம்பெனிகளில் யாராவது ஒருவர் மேசைத் தடுப்பில் யூஎம்எல் சீட் ஷீட் ஒன்று குத்தியிருக்கும். யூஎம்எல் என்பது சாஃப்ட்வேரின் அமைப்பைப் படமாக வரைவதற்கான பொதுவான குறிமுறை, சீட் ஷீட் என்பது அதன் குறிகளை ஞாபகப்படுத்தும் ஒரு பக்கத் தாள். பெட்டி, டைமண்ட், முக்கோணம், முழுக்கோடு, விட்டுவிட்டு வரும் கோடு என்று ஒரே தாளில் நெருக்கிப் போட்ட குறிகள். எல்லாம் காலேஜில் பரீட்சைக்கு வரைந்து தள்ளியவைதான், ஆனாலும் படம் போட உட்கார்ந்தால் கண் தானாக அந்தத் தாளுக்குப் போகும், பல வருஷம் இதே தொழிலில் இருப்பவர்களுக்கும் அப்படித்தான். அதற்கு ஞாபக மறதி காரணமில்லை. அந்தக் குறிகளை உருவாக்கிய விதமே அப்படி.

1990களின் தொடக்கத்தில் சாஃப்ட்வேர் படம் வரைய ஆளுக்கொரு முறை இருந்தது. கிரேடி பூச் கிளாஸை, அதாவது ஒரே வகைப் பொருள்களுக்கான வார்ப்பை, மேகம் மாதிரி வரைவார். ஜேம்ஸ் ரம்பா பெட்டி போடுவார். இவார் யாக்கோப்சன் யூஸ் கேஸிலிருந்து, அதாவது சாஃப்ட்வேரை வைத்து ஆள் செய்துகொள்ளும் வேலையிலிருந்து, ஆரம்பிப்பார். மூன்று பேரும் ரேஷனல் என்ற கம்பெனியில் ஒன்றுசேர்ந்து, மூன்று முறைகளையும் கலந்து யூஎம்எல் ஆக்கினார்கள், 1997-இல் ஓஎம்ஜி என்ற தர அமைப்பு அதை ஏற்றுக்கொண்டது. மேகம் போனது, பெட்டி நின்றது. இன்றைக்கு 2.5.1 பதிப்பின் ஆவணம் ஏறத்தாழ 800 பக்கம், அதில் 14 வகைப் படங்கள். யார் படிப்பது? அதனால்தான் ஒரு பக்கத் தாளுக்கு இவ்வளவு மவுசு.

2009-இல் டேனியல் மூடி என்ற ஆய்வாளர், இப்படிப்பட்ட படக்குறிகள் கண்ணுக்கும் மூளைக்கும் எப்படி வேலை செய்கின்றன என்று பார்த்து ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். அதில் யூஎம்எல்லுக்கு நல்ல அடி. நிறம், அளவு, வடிவம் இதெல்லாம் மாறினால் கண் உடனே பிடித்துக்கொள்ளும். யூஎம்எல்லிலோ நிறத்துக்கு எந்த அர்த்தமும் கிடையாது, முக்கியமான வித்தியாசங்கள் எல்லாம் கோட்டு முனையில் இருக்கிற சின்ன உருவத்துக்குள்ளே இருக்கின்றன. உள்ளே வெள்ளையாக விட்ட முக்கோணம் முழுக்கோட்டின் முனையில் இருந்தால் ஒரு கிளாஸ் இன்னொன்றின் வாரிசு, அதே முக்கோணம் விட்டுவிட்டு வரும் கோட்டில் இருந்தால் இன்டர்ஃபேஸை, அதாவது என்னென்ன செய்து தரவேண்டும் என்ற ஒப்பந்தத்தை, நிறைவேற்றுகிறது என்று அர்த்தம். குறியைப் பார்த்து அர்த்தத்தை ஊகிக்க வழியே இல்லை, மனப்பாடம்தான். தினமும் புழங்காத மனப்பாடம் எத்தனை நாளைக்கு நிற்கும்?

என் கருத்தில் பெரும்பாலான தாள்கள் இங்கேதான் தப்பு செய்கின்றன. 14 வகையையும் வரிசையாக அடுக்குகிறார்கள். தேவை அதில்லை, குழம்பும் ஜோடிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கோடிங்கில் என்ன மாறும் என்று ஒரு வரி எழுதினால் போதும்.

டைமண்டையே எடுத்துக்கொள்வோம். திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றுக்கு ஆர்டர் சாஃப்ட்வேர் எழுதுகிறோம் என்று வையுங்கள். ஓர் ஆர்டருக்குள் சைஸ் வாரியாக, கலர் வாரியாக வரிகள் இருக்கும், எம் சைஸ் நேவி இத்தனை பீஸ், எல் சைஸ் இத்தனை என்று. அந்த ஆர்டருக்காகத் துணி ரோல்களும் ஒதுக்கியிருப்பார்கள். படத்தில் இரண்டுமே ஆர்டரோடு சேர்ந்த விஷயம், இரண்டுக்கும் ஆர்டர் பக்கத்து முனையில் டைமண்ட் வரும். கருப்பா வெள்ளையா என்பதை ஸ்டோரில் போய்க் கேட்டால் தெரிந்துவிடும்.

“ஏனுங்ணா, ஆர்டர் கேன்சல் ஆச்சுன்னா துணி என்னாகும்?”

“என்ன தம்பி ஆகும்? அடுத்த ஆர்டருக்கு வெட்டிக்க வேண்டியதுதானுங்க.”

ஆக, சைஸ் வரிக்குக் கருப்பு டைமண்ட், அதாவது கம்போசிஷன், ஆர்டர் போனால் வரியும் போகும். ரோலுக்கு வெள்ளை டைமண்ட், அக்ரிகேஷன், ஆர்டர் போனாலும் ரோல் கிடங்கிலேயே இருக்கும். அவசரத்தில் ரோலுக்கும் கருப்பு அடித்து, அதைப் பார்த்த புரோகிராமர் டேட்டாபேஸில் கேஸ்கேட் டிலீட் (ஒன்றை அழித்தால் அதோடு சேர்ந்தவையும் தானாக அழியும் ஏற்பாடு) போட்டுவிட்டால், ஆர்டரை அழித்த அன்றைக்கு ஸ்டாக் கணக்கில் ரோல்கள் காணாமல் போகும், துணி மட்டும் கண்ணெதிரே அடுக்கியிருக்கும். இன்னொரு கூத்து என்னவென்றால், வெள்ளை டைமண்டுக்குத் துல்லியமான அர்த்தம் இதுதான் என்று யூஎம்எல் ஆவணமே சொல்வதில்லை, துறையையும் வரைபவரையும் பொறுத்தது என்று விட்டுவிடுகிறது. அதனால் சந்தேகம் வந்தால் வெறும் கோடு போட்டு, எண்ணிக்கையை மட்டும் எழுதிவிடுவது உத்தமம். 0..1 என்றால் இருக்கலாம் இல்லாமலும் போகலாம், 1..* என்றால் குறைந்தது ஒன்றாவது வேண்டும், தனி * என்றால் எத்தனை வேண்டுமானாலும்.

எது எதற்கு எந்த வரிசையில் செய்தி அனுப்புகிறது என்று காட்டும் சீக்குவென்ஸ் டயகிராமில் பார்க்க வேண்டியது அம்பின் தலை. கருப்பு அடித்த தலை என்றால் கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை காத்திருப்பது, ஸ்டாக்கில் ரோல் இருக்கிறதா என்று பார்ப்பது போல. திறந்த தலை என்றால் அனுப்பிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பது, டெலிவரி சலான் போட்டுத் துணியை டையிங்குக்கு அனுப்புவது மாதிரி. பதில் திரும்பி வருவது விட்டுவிட்டு வரும் கோட்டில். பாதித் தலை மட்டும் உள்ள அம்பு உங்கள் தாளில் இருந்தால் அது யூஎம்எல் 1.4-க்கு முந்திய சரக்கு. ‘கொலாபரேஷன் டயகிராம்’ என்ற பெயர் இருந்தாலும் பழசுதான், 2.0-இல் அது கம்யூனிகேஷன் டயகிராம் ஆகிவிட்டது.

யூஸ் கேஸ் படத்தில் இன்க்ளூட், எக்ஸ்டெண்ட் இரண்டும் எதிரெதிர்த் திசை. இன்க்ளூட் அம்பு பெரிய வேலையிலிருந்து அதற்குள் கட்டாயம் நடக்கும் வேலையை நோக்கிப் போகும், எக்ஸ்டெண்ட் அம்பு எப்போதாவது நடக்கும் வேலையிலிருந்து பெரிய வேலையை நோக்கி வரும். இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை, தாளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆளைக் கவிழ்ப்பது, வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக நடப்பதைக் காட்டும் ஆக்டிவிட்டி டயகிராம்தான். பள்ளியில் படித்த ஃப்ளோசார்ட் மாதிரியே இருக்கும், அதனால் யாரும் தாளைப் பார்ப்பதே இல்லை. காலர் ஒரு பக்கம் தனியாக நிட்டிங் ஆகி வருகிறது, பாடி துணி இன்னொரு பக்கம் கட்டிங் முடிந்து வருகிறது, இரண்டு அம்பும் ‘தையல்’ என்ற பெட்டிக்குள் நுழைகின்றன. ஃப்ளோசார்ட்டில் எது வந்தாலும் அந்தப் பெட்டி ஓடும். யூஎம்எல் 1-லும் அப்படித்தான். 2.0-இல் தலைகீழாக மாற்றிவிட்டார்கள்: ஒவ்வொரு அம்பிலும் டோக்கன் ஒன்று நகர்வதாகக் கணக்கு, உள்ளே வரும் எல்லா அம்பிலும் டோக்கன் வந்த பிறகுதான் பெட்டி வேலையைத் தொடங்கும். காலர் வராமல் தைக்க முடியாது என்பதால் இங்கே அது சரியாகவே பொருந்துகிறது.

ஆனால் டையிங்குக்கு வாருங்கள். கிடங்கிலிருந்து ஓர் அம்பு ‘டையிங்’ பெட்டிக்குள் போகிறது. சாயம் போட்ட பிறகு ஷேடு செக்கிங், சரியாக இருந்தால் காம்பாக்டிங், இல்லையென்றால் ரீ-டையிங், அதாவது இன்னொரு அம்பு அதே டையிங் பெட்டிக்குத் திரும்பி வருகிறது. பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கும். 2.0 விதிப்படி படித்தால், முதல் லாட் துணி வாசலிலேயே நிற்கும், ஏனென்றால் ‘ஷேடு சரியில்லை’ என்ற அம்பிலும் டோக்கன் வரவேண்டும், டையிங்கே ஆரம்பிக்காமல் அது எங்கிருந்து வரும்? இதற்கு மருந்து ஒரு சின்ன டைமண்ட். மெர்ஜ் என்று பெயர். இரண்டு அம்பையும் முதலில் அதற்குள் விட்டு, அங்கிருந்து ஒரே அம்பாக டையிங்குக்கு அனுப்பினால் எது வந்தாலும் வேலை நடக்கும். வெளியே போகும் அம்புக்கும் இதே கதை, ஒரு பெட்டியிலிருந்து இரண்டு அம்பு கிளம்பினால் இரண்டு வேலையும் சேர்ந்தே தொடங்கும், இதுவா அதுவா என்று ஒன்றைத் தேர்வு செய்ய வேண்டுமென்றால் அங்கேயும் டைமண்ட் போட்டாக வேண்டும்.

இப்போது பலர் மவுஸால் வரைவதில்லை, எழுத்தாக அடித்துப் படமாக்குகிறார்கள். பிளான்ட்யூஎம்எல் என்ற கருவியில் <|-- என்றால் வாரிசு, *-- என்றால் கருப்பு டைமண்ட், குறியின் சாயல் எழுத்திலேயே தெரிவதால் மனதில் கொஞ்சம் அதிகமாகவே தங்குகிறது. மெர்மெய்ட் என்ற இன்னொரு கருவியின் எழுத்தை 2022-இலிருந்து, புரோகிராமர்கள் கோடு வைக்கும் கிட்ஹப் தளமே நேரடியாகப் படமாகக் காட்டுகிறது. ஒன்றைக் கவனியுங்கள், மெர்மெய்டில் கிளாஸ், சீக்குவென்ஸ் எல்லாம் உண்டு, ஆக்டிவிட்டி டயகிராம் இல்லை, இருப்பது ஃப்ளோசார்ட். அந்தக் காலர்-பாடி படத்தை அப்படியே அங்கே போட்டால் காலர் வராமலே தையல் ஓடும் என்றும் படிக்கலாம். ஆகவே படத்தின் தலையில் அது ஃப்ளோசார்ட்டா ஆக்டிவிட்டியா என்று எழுதிவிடுங்கள், உங்கள் சீட் ஷீட்டிலும் இந்த இரண்டையும் அடுத்தடுத்த கட்டத்தில் வையுங்கள்.