ஹெட்லைட் மங்கலாக இருக்கிறதா? பல்ப் வாங்கும் முன் மீட்டர் வைத்துப் பாருங்கள்

பழைய கார் வாங்கி ஒரு மாதம் ஆனவர்கள் என்னிடம் கொண்டுவரும் முதல் புகார் பெரும்பாலும் இதுதான்: "ராத்திரியில ரோடே தெரியல, நல்ல பவரான பல்ப் ஒரு ஜோடி போட்டு விடுங்க." அவர்கள் மேல் தப்பில்லை. வண்டியைப் பகலில் பார்க்கிறோம், பகலில் ஓட்டிப் பார்க்கிறோம், சுவிட்சை ஒரு தடவை தட்டி லைட் எரிந்தால் சரி என்று அடுத்ததைப் பார்க்கப் போய்விடுகிறோம். அது எவ்வளவு வெளிச்சம் தருகிறது என்பது முதல் இருட்டுப் பயணத்தில்தான் தெரியவரும்.

வண்டி எலக்ட்ரிக்கல் வேலையில் இத்தனை வருடம் இருந்ததில் நான் கண்டது இதுதான்: மங்கலான ஹெட்லைட்டுக்குப் பல்ப் மட்டுமே காரணமாக இருப்பது குறைவு. ஒன்று, பல்புக்குப் போகவேண்டிய மின்சாரம் வழியிலேயே குறைந்துவிடுகிறது. இல்லையென்றால் பல்ப் தரும் வெளிச்சம் மங்கிப்போன மூடியைத் தாண்டி ரோட்டுக்கு வருவதில்லை.

ஒரு வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாங்கி நான்கு மாதம். அதற்குள் இரண்டு முறை பல்ப் மாற்றியாயிற்று, மூன்றாவதாக யாரோ 100/90 வாட் பல்பைப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள், அது வழக்கமாக 60/55 வாட் (ஹை பீமுக்கு 60, லோ பீமுக்கு 55) எச்4 வகை ஹாலஜன் பல்ப் போடவேண்டிய வண்டி. பின்னால் கனெக்டரைக் கழற்றினால் பிளாஸ்டிக் பழுப்பேறி உருகி, டெர்மினலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அப்படியும் வெளிச்சம் மங்கல்தான். மீட்டர் வைத்துப் பார்த்தபோது எர்த் பக்கத்தில், அதாவது பல்பிலிருந்து மின்சாரம் வண்டியின் இரும்பு உடல் வழியாகப் பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் பாதையில், மட்டும் 1.8 வோல்ட் தொலைந்துகொண்டிருந்தது. முன்பக்கம் எப்போதோ அடிபட்டு டிங்கரிங், பெயின்டிங் செய்திருக்கிறார்கள். எர்த் வயரின் வளையத்தைப் புதுப் பெயின்ட் மேலேயே வைத்து போல்ட்டை முறுக்கியிருந்தார்கள். எமரி பேப்பரால் பெயின்ட்டைத் தேய்த்து இரும்பு தெரியவைத்து, போல்ட்டை இறுக்கி, சரியான வாட் பல்பையும் புதுக் கனெக்டரையும் போட்டதும் வெளிச்சம் வந்துவிட்டது. எர்த் வேலைக்கு ஆனது பத்து நிமிடம். அந்த நான்கு மாதமும் அவர் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு ராத்திரியில் ஓட்டியிருக்கிறார் என்று கேட்டபோது எனக்கு மனது கஷ்டமாக இருந்தது, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இரண்டு வோல்ட்கூடக் குறையவில்லையே, அதற்கா இவ்வளவு வித்தியாசம் என்று தோன்றும். ஹாலஜன் பல்பைப் பொறுத்தவரை வோல்ட் குறைவதைவிட வெளிச்சம் பல மடங்கு வேகமாகக் குறையும். வோல்ட்டில் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சத்தில் ஏறக்குறைய 30 சதவீதம் போய்விடும். பாதையில் தடை இருக்கும்போது அதிக வாட் பல்ப் போட்டால் இழுக்கும் கரன்ட் கூடுகிறது, அதே தடையில் இன்னும் அதிக வோல்ட் தொலைகிறது, தொலைந்தது சூடாக மாறிக் கனெக்டரை உருக்குகிறது.

ஆகவே முதலில் அளவு எடுங்கள். ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். இன்ஜினை ஓடவிட்டு, ஹெட்லைட்டைப் போட்டு, பேட்டரியின் இரண்டு முனைகளிலும் வைத்துப் பாருங்கள்: 13.5-க்கும் 14.5-க்கும் நடுவில் காட்ட வேண்டும். அதற்குக் கீழே நின்றால், அல்லது ஐடிலில் மங்கி ஆக்சிலரேட்டர் கொடுத்தால் லைட் பளிச்சென்று ஆனால், பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரையும் அதன் பெல்ட்டையும் பேட்டரி முனைகளில் பூத்திருக்கும் உப்பையும் முதலில் கவனியுங்கள். அது சரியாக இருந்தால் மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி பிளஸ்ஸிலும் மற்றதைப் பல்புக்குப் பின்னால் பிளஸ் வரும் டெர்மினலிலும் வையுங்கள். மீட்டர் காட்டுவது வழியில் தொலைந்த வோல்ட், அரை வோல்ட்டுக்குள் இருந்தால் பரவாயில்லை. அதேபோலப் பல்பின் எர்த் டெர்மினலுக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவில், 0.2-க்கு மேல் இருந்தால் எர்த் கெட்டிருக்கிறது.

இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. கனெக்டரைப் பல்பிலிருந்து கழற்றிவிட்டு அளந்தால் முழு வோல்ட்டும் காட்டும்! கரன்ட் ஓடாதபோது துருப்பிடித்த வயரிலும் வோல்ட் குறையாது. கனெக்டர் மாட்டியபடி, லைட் எரிந்துகொண்டிருக்கும்போதுதான் பின்பக்கமாக முனையைச் செருகி அளக்க வேண்டும். ஓடும் ஃபேனும் பெல்ட்டும் பக்கத்தில் இருக்கும், கையையும் மீட்டர் வயரையும் ஜாக்கிரதையாக வைத்துக்கொள்ளுங்கள்.

பிளஸ் பக்கத்தில் ஒரு வோல்ட்டுக்கு மேல் தொலைகிறது என்றால் பழைய வண்டிகளில் நான் முதலில் பார்ப்பது சுவிட்சை. பல பழைய மாடல்களில் இரண்டு பல்புக்கும் சேர்த்து சுமார் 10 ஆம்பியர் கரன்ட் ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் சுவிட்ச் வழியாகவே போய்த் திரும்பும். வருடக்கணக்கில் அதன் உள் முனைகள் கருகிப்போகும். பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வைத்துத் தடிமனான வயரை நேராக இழுத்து, லோ பீமுக்கு ஒன்று, ஹை பீமுக்கு ஒன்று என்று ரிலே (சிறிய கரன்ட்டால் இயங்கிப் பெரிய கரன்ட்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) போட்டு, பழைய சுவிட்சை ரிலேவை இயக்க மட்டும் பயன்படுத்தினால், அதே பல்ப் வேறு பல்ப் போல எரியும். என் அனுபவத்தில் பழைய வண்டிக்குச் செய்யும் செலவில் இதைவிடப் பலன் தருவது அபூர்வம்.

ஒரு பக்கம் மட்டும் மங்கலா? இடது பல்பை வலதிலும் வலதை இடதிலும் மாற்றிப் போடுங்கள். மங்கலும் கூடவே போனால் பல்ப், போகாவிட்டால் வயரிங் அல்லது லைட் யூனிட். பல்பின் கண்ணாடியை விரலால் தொடக் கூடாது, விரலின் எண்ணெய் பட்ட இடம் சூட்டில் கெட்டுப்போகும். புதிது போடும்போது இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

அடுத்து மூடி. கண்ணாடி என்று சொல்கிறோமே தவிர, பெரும்பாலும் அது பாலிகார்பனேட் பிளாஸ்டிக். மேலே இருக்கும் பூச்சு வெயிலில் தேய்ந்ததும் மஞ்சளாகிப் புகைபடிந்த மாதிரி ஆகும். பற்பசை போட்டுத் தேய்த்தால் சில நாள் பளபளக்கும், பிறகு பழைய கதைதான். தண்ணீர் தெளித்துக்கொண்டே 800, 1500, 2000 நம்பர் என்று வாட்டர் பேப்பரைப் படிப்படியாக மாற்றித் தேய்த்து, பாலிஷ் போட்டு, கடைசியில் புற ஊதாக் கதிரைத் தாங்கும் கிளியர் கோட் அடிக்க வேண்டும். இந்தக் கடைசி வேலையை விட்டுவிட்டால் சீக்கிரமே மறுபடி மஞ்சளாகும், வேலை முழுக்க வீண். உள்ளே இருக்கும் ரிஃப்ளெக்டர் மங்கியிருந்தால் துணியால் துடைக்கவே கூடாது, அந்த மெல்லிய அலுமினியப் பூச்சு துணியோடு வந்துவிடும்; யூனிட்டைத்தான் மாற்ற வேண்டும். பல்புக்குப் பின்னால் இருக்கும் ரப்பர் மூடி தொலைந்திருக்கிறதா என்றும் பாருங்கள், அந்த வழியாகத்தான் தூசியும் ஈரமும் உள்ளே போகின்றன.

டேஷ்போர்டில் ஹெட்லைட் உயரத்தை மாற்றும் சிறிய டயல் இருந்தால் அதையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். முன்னால் ஓட்டியவர் 3-ல் விட்டிருந்தால் வெளிச்சம் வண்டிக்குச் சற்று முன்னாலேயே விழுந்துவிடும். டிரைவர் மட்டும் போகும்போது அது 0-வில் இருக்க வேண்டும். இதைத் திருப்பிவிட்டு மட்டுமே திருப்பி அனுப்பிய வண்டிகள் உண்டு.

எல்இடி பல்ப் வாங்கிச் செருகிவிடலாமே என்று கேட்பவர்களுக்கு நான் போட்டுக் கொடுப்பதில்லை. ஹாலஜன் இழை எந்த இடத்தில் இருக்குமோ அதை வைத்துக் கணக்கிட்டு வளைத்த ரிஃப்ளெக்டர் அது. வேறு வடிவத்தில் வெளிச்சம் வந்தால் சிதறி எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். நமக்கோ வண்டிக்குப் பக்கத்தில் வெள்ளையாகப் பளிச்சென்று தெரியும், தூரத்தில் இருட்டு அப்படியே இருக்கும். 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 22 மீட்டர் போகிறோம், நமக்குத் தெரியவேண்டியது தூரத்தில் இருப்பதுதான்.

இனிமேல்தான் பழைய வண்டி வாங்கப் போகிறீர்கள் என்றால் பொழுது சாய்ந்த பிறகு ஒரு தடவை போய்ப் பாருங்கள். சமதரையில் சுவருக்கு முன்னால் நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டு, லோ பீமில் இரண்டு பக்க வெளிச்சமும் ஒரே நிறத்தில், ஒரே உயரத்தில் விழுகிறதா என்று பாருங்கள். அப்புறம் இண்டிகேட்டரைப் போடுங்கள். அது மின்னும்போதெல்லாம் ஹெட்லைட்டும் சேர்ந்து துடித்தால், பானட்டைத் திறந்து எர்த் போல்ட்டைத் தேடுங்கள்.