வெள்ளிப் புள்ளிகளை வரைந்தது யார்?

சீனாவின் சோங் காலத்துக் (960–1279) கறுப்புத் தேநீர்க் கிண்ணங்களில் மின்னும் வெள்ளிப் புள்ளிகளை எதைக் கொண்டு வரைந்தார்கள் என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். யாரும் வரையவில்லை, எல்லாம் சூளைக்குள் நெருப்பு செய்த வேலை.

இவை ஃபூஜியான் மாகாணத்து ஜியான் சூளைகளில் சுட்டவை. அந்தக் காலத்தில் தேயிலைத் தூளில் வெந்நீர் விட்டு நுரை பொங்க அடித்துக் குடிப்பார்கள், அந்த வெள்ளை நுரை எடுப்பாகத் தெரியக் கறுப்புக் கிண்ணம்தான் தோது. பேரரசர் ஹுயிசோங்கே தன் தேநீர் நூலில் இவற்றைப் புகழ்ந்திருக்கிறார்.

மலைச்சரிவில் நீண்டு கிடக்கும் சூளை, விறகுத் தீ, சுமார் 1300 டிகிரி செல்சியஸ். இரும்பு மிகுந்த மண்ணையும் மரச்சாம்பலையும் கரைத்துப் பூசிய பூச்சு உருகிக் கண்ணாடியாகும். சரி, இனிதான் விஷயமே.

பூச்சிலுள்ள இரும்பு ஆக்சைடில் இரண்டு இரும்பு அணுவுக்கு மூன்று ஆக்சிஜன் அணு. அந்தச் சூட்டில் அத்தனை ஆக்சிஜனையும் அதனால் பிடித்துவைக்க முடியாது, கொஞ்சத்தை விட்டுவிட்டு, மூன்றுக்கு நான்கு என்ற கணக்கில் மேக்னடைட் என்ற வேறொரு இரும்பு ஆக்சைடாக மாறுகிறது. வெளியேறிய ஆக்சிஜன் குமிழாகி, வெல்லப்பாகு போலக் குழைந்து கிடக்கும் பூச்சுக்குள் மெல்ல மெல்ல ஏறி, போகிற வழியில் இரும்பையும் இழுத்துக்கொண்டு மேலே வந்து உடைகிறது. உடைந்த இடத்தில் இரும்பு திட்டாகச் சேர்ந்து, சூளை ஆறும்போது படிகமாக உறைகிறது. எண்ணெய்த்துளி என்று பெயர்பெற்ற புள்ளிகள் இவைதான். சூடு இன்னும் கொஞ்சம் கூடினால் பூச்சு வழிய ஆரம்பிக்கும், திட்டுகளும் கூடவே இழுபட்டு மெல்லிய கோடுகளாகும், அதற்கு முயல்ரோமம் என்று பெயர். கிண்ணத்தின் அடிப்பக்கத்தைப் பாருங்கள், வழிந்த பூச்சு பூசாத மண்ணுக்குச் சற்று மேலே தடித்த விளிம்பாக, சில இடங்களில் சொட்டாகவே உறைந்து நிற்கும்.

அப்புறம் 2014இல் வெளியான ஆய்வு ஒன்று என்னை அசத்திவிட்டது. எண்ணெய்த்துளிப் புள்ளியின் மேற்பரப்பில் இருந்தது எப்சிலான் என்ற அபூர்வ வகை இரும்பு ஆக்சைடு! காந்தத்தன்மையை எளிதில் இழக்காத பொருள், தகவல் சேமிப்புக்கு உதவும் என்று பலர் செய்து பார்ப்பது. ஆனால் ஆய்வகத்தில் அதைத் தூய்மையாக, பெரிய படிகமாக வளர்ப்பது பெரும்பாடு. இந்தக் கிண்ணத்திலோ சில மைக்ரோமீட்டர் அளவுக்கு வளர்ந்திருக்கிறது. உடைந்த கிண்ணத் துண்டுகளை ஆராயவெல்லாம் எதற்கு நிதி என்று கேட்பவர்கள்மேல் எனக்குக் கோபமே வருகிறது, அந்த ஓட்டுச் சில்லுகளைத் துருவாமல் இது தெரிந்திருக்காது.