காருக்கு ஏது இடைநீக்கம்?

‘சிறந்த நிலைப்பாட்டிற்காகக் காரின் இடைநீக்கத்தைக் குறைத்தல்.’ இப்படி ஒரு தலைப்பைப் பார்த்தால், கார் ஏதோ அலுவலகத்தில் கையாடல் செய்து மாட்டிக்கொண்டு, தண்டனையைக் குறைக்கச் சொல்லி மனுக் கொடுத்திருக்கிறது என்றே தோன்றும். விசாரணை முடியும்வரை ஒருவரைப் பணியிலிருந்து விலக்கி வைப்பதுதான் இடைநீக்கம். காரின் உடலைச் சக்கரங்களின்மேல் தாங்கும் வில் முதலானவற்றுக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர்தான், சஸ்பென்ஷன். அதைக் கண்டதும் அகராதியில் முதலில் கிடைத்த பொருளை எடுத்து ஒட்டிவிடுகிறார்கள். இயந்திரம் மொழிபெயர்த்தது என்பார்கள்; வெளியிடும் முன் ஒருவர் படித்திருக்கக் கூடாதா?

சஸ்பென்ஷன் என்ற சொல்லின் வேர் லத்தீன். தொங்கவிடுதல் என்று பொருள். பழைய குதிரை வண்டிகளின் கூண்டைத் தோல்வாரில் தொங்கவிட்டதுண்டு.

இந்த வேரைப் பிடித்துக்கொண்டு ‘தொங்கல்’, ‘தொங்கு அமைப்பு’ என்று எழுதுவோர் இருக்கிறார்கள். இடைநீக்கத்தைவிட இது மேல்தான். ஆனாலும் ஒப்ப முடியவில்லை. தொங்கு பாலம் மெய்யாகவே வடத்தில் தொங்குகிறது. இன்றைய கார் பெரும்பாலும் சுருள்வில்லின்மேல் உட்கார்ந்திருக்கிறது. லத்தீன்காரர் தொங்கவிட்டார் என்பதற்காக நாமும் தொங்க வேண்டுமா? அதைவிடப் பெரிய தொல்லை ஒன்று உண்டு. வில் தளர்ந்து பின்பக்கம் இறங்கிப்போன வண்டியைத்தான் தமிழில் ‘தொங்கிவிட்டது’ என்கிறோம். ஆக, ‘தொங்கலைத் தாழ்த்தினேன்’ என்றால் ஆசைப்பட்டுச் செய்த வேலை பழுதுபோல் ஒலிக்கிறது. வேர்ச்சொல்லை மொழிபெயர்ப்பதைத் தூய தமிழ் என்று நினைப்பவர்களிடம் இதைச் சொல்லிப் புரியவைப்பது கடினம். வில் பொருத்திய மாட்டுவண்டிக்கு வில்வண்டி என்று பெயர் வைத்தவர் எந்த வேரையும் தேடவில்லை. வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தார், அவ்வளவே.

வில்லமைப்பு என்றே சொல்லிவிடலாம். ஆனால் வில்லுக்குப் பதில் காற்றுப்பை வைத்த வண்டிகளும் ஓடுகின்றன. வில், அதிர்வுத் தாங்கி, சக்கரத்தைப் பிடிக்கும் கைகள் எல்லாம் சேர்ந்து வண்டியைத் தாங்குவதால் ‘தாங்கமைப்பு’ என்பதே என் தேர்வு. பிடிக்காதவர்கள் சஸ்பென்ஷன் என்றே எழுதட்டும், குற்றமில்லை.

‘குறைத்தல்’ மட்டும் எந்த வகையிலும் ஆகாது. விலையைக் குறைக்கலாம், உயரத்தில் இருப்பதைத் தாழ்த்த வேண்டும். குட்டையான, விறைப்பான வில்லை மாட்டினால் இறங்குவது காரின் உடல். ஆகவே ‘காரைத் தாழ்த்துதல்’ என்றாலே போதும். 30 மில்லிமீட்டர் இறங்கினாலே டயருக்கும் அதன்மேல் வளைவுக்கும் நடுவே தெரியும் வெற்றிடம் சுருங்கி, வண்டி தரையோடு ஒட்டி நிற்பதுபோல் தெரியும். எடைமையமும் இறங்குவதால் திருப்பத்தில் சாய்வு குறையும். பல வண்டிகளில் சக்கரத்தின் மேல்பகுதி உள்நோக்கிச் சாய்ந்துவிடும். அதைச் சரிசெய்யாவிட்டால் டயரின் உள்விளிம்பு சீக்கிரம் தேயும்.

வண்டி நிற்கும் இந்தத் தோற்றத்தை ஆங்கிலத்தில் ஸ்டான்ஸ் என்பார்கள். அதற்குப் போய் ‘நிலைப்பாடு’ என்கிறார்கள். நிலைப்பாடு கட்சிகளுக்கு இருக்கும், அடிக்கடி மாறவும் செய்யும். வண்டிக்கு இருப்பது நிற்பு. ‘காரின் நிற்பு நன்றாக இருக்கிறது’ என்று சொன்னால் எந்த மெக்கானிக்குக்கும் புரியும்.